வாரேனுங்க

ஆர்.எஸ்.புரம், கோயமுத்தூர்
22.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

லோகப்பிரியா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். பொங்கலுக்குப் பார்த்தபோது வீங்கியிருந்த அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? காது மிஷினை மாட்டுகிறீர்களா, இல்லை இன்னும் பீரோவுக்குள்தான் கிடக்கிறதா? போனில் பேசினால் உங்களுக்கு விசில்தான் கேட்கிறது. அம்மாவிடம் பேசினால் கொடுமுடி முழுக்கக் கேட்கிறது. அதனால் எப்போதும்போல் கடிதம்.

சர்க்கரை வந்ததிலிருந்து இவர் ஓட்டக் குழுவில் ஓடுகிறார் என்று சொன்னேனில்லையா. ஞாயிறானால் விடிவதற்குள் ரேஸ்கோர்ஸில் கூடிவிடுகிறார்கள். டாக்டர், வக்கீல், பட்டறைக்காரர், வாத்தியார் எல்லாருக்கும் ஒரே பச்சைப் பனியன். வேகத்துக்குத் தகுந்தபடி கூட்டம் பிரிப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் இழுத்துக்கொண்டு போக ஒருத்தர் உண்டு. எல்லாருக்கும் பின்னால் வருகிறவருக்கு 'வால்' என்று பேர். எவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்தாலும் கடைசி ஆளை முந்தக்கூடாது. வால் வந்து சேர்ந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம்.

இந்த வருஷம் இவரை வால் ஆக்கியிருக்கிறார்கள். கலெக்டர் வேலை கிடைத்தவர்போல் வீட்டுக்குள் நடமாடுகிறார். மார்ச்சில் கிணத்துக்கடவு பக்கம் தென்னந்தோப்பு, மேய்ச்சல் காடு வழியாக ஒரு பெரிய ஓட்டம் இருக்கிறது. அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

அம்மாவுக்கு என் அன்பு. மழை கிழை உண்டா என்று எழுதுங்கள்.

உங்கள் லோகு

&nbsp;

மகுடேசர் துணை

கொடுமுடி
5.2.2024

கண்ணு லோகுவுக்கு,

அப்பா எழுதியது. உன் அம்மாவின் முழங்கால் வாய்க்குச் சளைத்ததில்லை, இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. மிஷினை மாட்டினால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது. ஊர்ப் பேச்சு கேட்காமல் இருப்பதும் ஒரு சுகம்தான். மஞ்சள் வெட்டு நடக்கிறது, ஆள் கிடைப்பதில்லை.

நாய் துரத்தினால் ஓடலாம். பஸ்ஸை விட்டுவிட்டால் ஓடலாம். இரண்டும் இல்லாமல் ஓடுவதற்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு வால். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்வதாக நினைக்காதே. அவருக்குப் பொருத்தமான வேலைதான். கல்யாணப் பந்தியில்கூட எல்லாரும் உட்கார்ந்த பிறகு உட்காருகிற ஆள்.

ஒன்று மட்டும் கேட்டுச் சொல். அடுத்தவன் தோப்புக்குள் இத்தனை பேர் புகுந்தால் தோப்புக்காரன் சும்மா விடுவானா? நானாக இருந்தால் விடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அம்மணி.

அப்பா

&nbsp;

ஆர்.எஸ்.புரம்
26.2.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறோம். நீங்களும் அம்மாவும் வெயிலில் களத்து மேட்டிலேயே கிடக்காமல் இருந்தால் இன்னும் நலமாக இருப்போம்.

உங்கள் கேள்வியை இவரிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "மாமாகிட்ட அனுமதி வாங்கறதுதான் கஷ்டம்" என்றார். முதல் நாளே வழி நெடுக மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார்களாம். வழி பிரிகிற இடத்தில் ரிப்பன் இருக்கிற பக்கம் ஓடவேண்டும். கடைசியாக வருகிற வால் அதை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும். தோப்பில் ஒரு துணுக்குக்கூடக் கிடக்காது. அந்த ஒரு வாக்குறுதிக்குத்தான் தோப்புக்காரர்கள் விடுகிறார்கள்.

இவருக்கு இப்போது ஒரு சிநேகிதர் கிடைத்திருக்கிறார். திருமலைசாமி என்று பேர், கணபதியில் லேத் பட்டறையில் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு. புதிதாகச் சேர்ந்தவர், எப்போதும் கடைசி. ஆக, வாலுக்கும் அவருக்கும் வாராவாரம் பேச்சுத் துணை. போன ஞாயிறு வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து காபி குடித்தார். "என்னால இவருக்கும் லேட்டாகுதுங்க. நீங்க முன்னால போங்கன்னா கேக்க மாட்டீங்கறாருங்க" என்று என்னிடம் முறையிட்டார். அவர் வீட்டம்மா பழனாத்தாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வரச் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள் வேகவைத்தாயிற்றா?

லோகு

&nbsp;

ஆர்.எஸ்.புரம்
21.3.2024

அப்பாவுக்கு,

நலம். எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளியில் பரீட்சை வேலை.

ஓட்டம் பத்தாம் தேதி முடிந்தது. ஒரு சங்கடம் ஆகிவிட்டது. திருமலைசாமி வெயிலில் விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இன்னும் நினைவு வரவில்லை. பாதியில் விலகி வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து, எல்லாரும் வந்தாயிற்று என்று முடித்துவிட்டார்கள். அவர் போகவில்லை. பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். வழி தவறிவிட்டது. உச்சி வெயிலில், ஆடு மேய்க்கிற சின்னத்தாயி என்ற அம்மாதான் ஒரு மில் சுவரோரம் கிடந்தவரைப் பார்த்திருக்கிறார். காலையில் எல்லாரும் போனதைப் பார்த்தவராம். இந்த ஆள் மட்டும் இன்னும் எதற்கு இங்கே சுற்றுகிறார் என்று கிட்டே போயிருக்கிறார்.

பரீட்சை முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

லோகு

&nbsp;

கொடுமுடி
27.3.2024

மகுடேசர் துணை

கண்ணு லோகுவுக்கு,

இங்கே சுகம். அம்மாவிடம் சொல்லவில்லை. கடிதம் எங்கே என்று கேட்டாள், பரீட்சை என்று எழுதியிருக்கிறாள் என்றேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நலம் என்று எழுதியிருக்கிறாய். யார் நலம் என்று எழுதவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து' என்று எழுதியிருக்கிறாய். நினைத்தது யார்? வால் வந்தால்தான் எல்லாரும் வந்த கணக்கு என்று நீதானே எழுதினாய்.

நான் செவிடன்தான் சாமி, எழுத்து தெரியும். மறைக்காமல் எழுது. மாப்பிள்ளை சாப்பிடுகிறாரா?

அப்பா

&nbsp;

ஆர்.எஸ்.புரம்
6.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் இருக்கக்கூடாது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இவர் சாப்பிடுவதில்லை.

ஆமாம், நினைத்தது இவர்தான்.

முதல் தோப்பைத் தாண்டி ஒரு தார் ரோடு குறுக்கே வருகிறது. டவுன் பஸ் நிற்கிற இடம். அங்கே திருமலைசாமி நின்றுவிட்டாராம். மூச்சு வாங்கியிருக்கிறது. இவரும் நின்றிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையைக் கூப்பி, "ஏனுங்க, நீங்க போங்க. நான் வாரேனுங்க" என்றிருக்கிறார்.

அவ்வளவுதான் அப்பா. நம் ஊரில் ஒருத்தர் கையைக் கூப்பி வாரேனுங்க என்றால் என்ன அர்த்தம்? கிளம்புகிறேன் என்றுதானே. இவரும் கையைக் கூப்பி, "சரிங்க, பார்த்துப் போங்க" என்றுவிட்டு வந்துவிட்டார். அந்த மனுஷனோ, உங்களைக் காக்க வைக்கக் கூச்சமாக இருக்கிறது, நான் மெதுவாகப் பின்னால் வருகிறேன் என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறார். வேறு ஊர்க்காரராக இருந்தால் "என்னது?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். இவருக்குக் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கடைசி ஆள் என்று யாருமில்லை என்று நினைத்து, வழக்கம்போல் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே ஓடியிருக்கிறார். ஒன்றுகூட விடவில்லை. பின்னால் வந்தவர் தோப்புக்குள் எந்தப் பக்கம் போயிருப்பார், நீங்களே சொல்லுங்கள்.

ஓடுகிறவர்கள் போனையும் பணத்தையும் பையில் போட்டுப் புறப்படுகிற இடத்திலேயே கொடுத்துவிடுவார்கள். கடைசியில் ஒரு பை மீந்திருந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டார், அடுத்த வாரம் கொடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துவிட்டார்கள். அதற்குள் அந்தப் பைக்குள் இருந்த போனில் பழனாத்தாள் அக்கா கூப்பிட்டிருக்கிறார். பைகளைப் பார்த்துக்கொண்ட ஹாரிகா என்ற பெண் எடுத்து, "அவர் அப்பவே கிளம்பிட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். பை இல்லாத ஆள் எந்தக் காசில் பஸ் ஏறுவார் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை, ஏன் தோன்றவில்லை என்று இவர் சுவரைப் பார்த்துக் கேட்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

லோகு

&nbsp;

கொடுமுடி
18.4.2024

மகுடேசர் துணை

கண்ணு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் விதைப்பதும் அறுப்பதும் தெரிந்த ஆள். இதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியாது. போகிறேன் என்று சொல்வது நம் வழக்கத்திலேயே இல்லை. சாவு வீட்டிலிருந்து சொல்லாமல் எழுந்து வருவோம். மற்ற எல்லா இடத்திலும் வாரேன்தான். சின்ன வயதில் ஒரு தரம் "போறேன்" என்று சொல்லிவிட்டு என் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். இதை மாப்பிள்ளையிடம் சொல். சொன்னால் ஒன்றும் குறையப்போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்.

ஒரு வாரம் இங்கே அனுப்பி வை. காவிரியில் தண்ணீர் குறைவு. இருந்தாலும் குளிக்கலாம்.

அப்பா

&nbsp;

ஆர்.எஸ்.புரம்
16.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மா போனில், அப்பா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறார் என்று சொன்னாள். நான் நன்றாக இருக்கிறேன். மஞ்சள் நட்டாயிற்றா?

திருமலைசாமியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கண் திறக்கிறார். ஆள் தெரிகிறதா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. கை கால் வரவில்லை, பேச்சும் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. தினமும் காலையில் இவர் கணபதிக்குப் போகிறார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, திரும்பப் படுக்க வைத்துவிட்டுத்தான் தன் கடையைத் திறக்கப் போகிறார். பழனாத்தாள் அக்காவால் தனியாக முடியாது. அக்கா தினமும், "தம்பி, ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுப் போங்க. கூடப் பொறந்தவங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல, நீங்கதானுங்க" என்கிறாராம். அந்த இட்லியை இவர் விழுங்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அக்காவுக்கு வால் யாரென்று தெரியாது. குழுவின் செயலாளர் உவைஸ் அண்ணன் நல்ல மனிதர். "தப்பு குழுவோடதுங்க அக்கா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டார், பேர் சொல்லவில்லை. கூட்டம் போட்டார்கள். இனிமேல் ஒரு பை மீந்திருந்தால்கூட முடிக்கக்கூடாது என்று விதி போட்டார்கள். இவரை வைத்துக்கொண்டு இவர் பேரைச் சொல்லாமலே எல்லாம் பேசி முடித்தார்கள். திட்டியிருந்தால் தேவலை என்கிறார். அடுத்த மாத ஓட்டத்துக்கு வேறு ஒருவரை வால் போட்டிருந்தது. யாரும் ஏனென்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். சொன்னால் உங்கள் பாரம் குறையும், அந்த அக்காவுக்கு என்ன மிஞ்சும் என்றேன். சரிதானா தெரியவில்லை அப்பா. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கடைசி விருந்தாளி வண்டி ஏறுகிறவரை மண்டப வாசலை விட்டு வரமாட்டேன் என்று இவர் நின்றார். சமையல்காரர்கள்கூடக் கிளம்பிவிட்டார்கள். நான் காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஆடிக்கு அனுப்பி வைக்கிறேன்.

லோகு

&nbsp;

கொடுமுடி
8.8.2024

மகுடேசர் துணை

கண்ணு லோகுவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். ஆடிப் பதினெட்டுக்கு வந்த மாப்பிள்ளை சொன்னபடி வந்து சேர்ந்திருப்பார். ஆற்றில் கரை புரண்டு தண்ணீர் போகிறது. கூட்டத்தில் எல்லாரும் கரையேறுகிறவரை அவர் படியிலேயே நின்றார்.

ஒரு விஷயம் எழுதவேண்டும். எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மறுநாள் மாலை மஞ்சள் காட்டில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து வரப்பில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். நான் மிஷினை மாட்டியிருக்கவில்லை, அது வீட்டில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வரலாம் என்றால், நிறுத்திவிடுவாரோ என்று பயம். இத்தனை மாதமாக என்னிடம் வாயைத் திறக்காதவர். அதனால் அப்படியே நின்று தலையாட்டினேன். பொழுது சாய்கிறவரை பேசினார். அழுதார். மடை நிரம்பிப் பக்கத்துப் பாத்தியெல்லாம் உடைத்துக்கொண்டு போனது, நான் நகரவில்லை.

கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. என்ன கேட்டார் என்று தெரியவில்லை. "சரிங்க மாப்பிள்ளை" என்றேன். எழுந்து என் காலைத் தொட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை கண்ணு. நான் எதற்குச் சரி என்று சொன்னேன்? நயமாகக் கேட்டு எழுது.

அப்பா

&nbsp;

ஆர்.எஸ்.புரம்
24.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பையும் அம்மா உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது. கொடுமுடியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கணபதிக்குப் போய்ப் பழனாத்தாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ராத்திரி வந்து என்னிடம், "மாமா சொல்லிட்டாரு லோகு, சொல்லிரலாம்னு" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று இரண்டு தோசை சாப்பிட்டார்.

அந்த அக்கா கத்தவில்லையாம். "நீங்கதானுங்களா" என்று கேட்டாராம். உள்ளே போய் வீட்டுக்காரர் வாயைத் துடைத்துவிட்டு வந்து, "நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்க தம்பி" என்றாராம். அந்த 'ங்க'வை மட்டும் விடவில்லை அப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவர் போகாததால் நான் போகிறேன். என்னை உள்ளே விடுகிறார். "நீ என்ன செஞ்ச கண்ணு" என்கிறார். உவைஸ் அண்ணன் குழுவிலிருந்து முறை வைத்து ஆள் அனுப்புகிறேன் என்றார். பச்சைப் பனியனைக் கண்டாலே அக்கா கதவைச் சாத்திவிடுகிறார். கூலிக்கு வந்த ஆள் இரண்டு நாளில் நின்றுவிட்டார். எங்கள் இரண்டு பொம்பளைகளால் அந்த உடம்பைத் தூக்க முடியவில்லை. வியாழக்கிழமை குளியலறைப் படியில் எங்கள் கை நழுவி விழுந்துவிட்டார். நெற்றியில் நல்ல அடி. அவருக்கு வலித்ததா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

இவர் தினமும் அதே நேரத்துக்குப் புறப்பட்டு அந்தத் தெருமுனை டீக்கடையில் போய் உட்காருகிறார். நான் வெளியே வந்ததும், "குளிப்பாட்டினீங்களா" என்று மட்டும் கேட்கிறார். அவர் விழுந்ததை நான் சொல்லவில்லை.

உங்களுக்குக் கேட்கவில்லை என்பதையும் இவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

லோகு

&nbsp;

கொடுமுடி
29.8.2024

மகுடேசர் துணை

கண்ணு லோகுவுக்கு,

சுகம் விசாரிக்க இன்று தெம்பில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. நான் வாயை விட்டதற்கு அந்த மனுஷன் நெற்றியில் அடி. இதை யாரிடம் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்வது?

மஞ்சள் மூட்டை தூக்கின தோள் இன்னும் கெட்டுப்போகவில்லை. ஞாயிறு மாலை பஸ்ஸில் வருகிறேன். திங்கள் காலையிலிருந்து அவரைத் தூக்க நான் இருக்கிறேன். உன் அம்மாவிடம் காதுக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாள்.

நான் யாரென்று அந்த அம்மாவிடம் சொல்லாதே. எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற ஆள், நம்பிக்கையானவர் என்று சொல். காது கேட்காது, பேச்சுக் கொடுக்கவேண்டாம் என்றும் சொல். பழைய வேட்டியாகத்தான் எடுத்து வருகிறேன். சொல்லிவிட்டுப் பட்டது போதும், கொஞ்ச நாள் சொல்லாமல் இருந்து பார்ப்போம். இதுவும் தப்பாக இருக்கலாம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையை மட்டும் அந்த டீக்கடையிலிருந்து எப்படியாவது எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடு. நான் அந்தத் தெருவில் நடந்து வருவதைப் பார்த்தால், எத்தனை சொல்லி வைத்தாலும் எழுந்து நின்று மாமா என்று கூப்பிட்டுவிடுவார்.

அப்பா